கம்ப்யூட்டரைக் கீழே இறக்கிய கதை

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணைமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் நான் "நிமிர்ந்து உக்காருங்க" என்று கத்துகிறேன். "அப்பா ஆரம்பிச்சிட்டாரு" என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கம்ப்யூட்டரைத் தப்பான உயரத்தில் வைத்ததால் நீங்கள் இருவரும் பிறக்காமலே போயிருக்க வேண்டியது. உங்கள் அம்மாவைக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். அதனால் நானே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பொருத்துவதற்கு மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர், பச்சை எழுத்து மின்னும் மானிட்டரையும் கீபோர்டையும் பிரிண்டரையும் என் மேசைமேல் வரிசையாக வைத்தார். எதை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். இன்னும் ஒரு நாள் அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னாப்பா இது, சாப்பாட்டுத் தூக்கு மாதிரி மேசையில கெடக்குது? கேட்டுல நுழையறவன் கண்ணுல பட வேணாமா?"

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் விலை உயர்ந்த பொருள் என்றால் உயரத்தில் இருக்க வேண்டும், கதவு இருக்க வேண்டும், பூட்டு இருக்க வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து ஊருக்குப் பொதுவாக வைத்த டிவி அப்படித்தான் இருந்தது. தலைக்குமேலே மரப்பெட்டி, அதற்கு இரண்டு கதவு, கீழே மணலில் உட்கார்ந்து ஊரே அண்ணாந்து பார்க்கும். அந்தப் பெட்டியைச் செய்த ஆசாரியையே முதலாளி கூட்டிவரச் சொன்னார்.

"எவ்ளோ ஒசரத்துல வெக்கறது?" என்று கேட்டார் ஆசாரி.

"நீயே பார்த்து வையி."

"டிவி ஒசரமே வெச்சிடறேன். மாடு முட்டாது."

"கம்பெனிக்குள்ள ஏதுய்யா மாடு?"

"பழக்கம்தான் மொதலாளி."

பெட்டி சுவரில் ஏறியது. மானிட்டர் அதற்குள் போய் உட்கார்ந்தது. கீபோர்டின் சுருள் ஒயர் என் மேசைக்கு எட்டவில்லை. மேசையின் நாலு காலுக்கும் சிமெண்ட் கல் அடுக்கி உயர்த்தினோம். இப்போது மேசை என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. நாற்காலி பத்தவில்லை. கம்பெனியில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வாளிக்குப் பஞ்சம் இல்லையே. வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கி, மேலே கோணி மடித்துப்போட்டு ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை. அசைந்தால் வாளிகள் 'கீச்' என்றன. இவ்வளவு செய்தும் மானிட்டர் என் தலைக்கு மேலேதான் இருந்தது.

பிரிண்டரைப் பெட்டிக்குள் வைத்தால் அதிர்வில் பெட்டி கழன்றுவிடும் என்று ஆசாரி சொல்லிவிட்டார். அதைத் தரையில் ஒரு பெரிய தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம். அது புள்ளி புள்ளியாகக் குத்திக் குத்தி எழுத்தை அடிக்கிற பிரிண்டர். சாதாரணமாகவே 'கர்ர்ர் கர்ர்ர்' என்று கத்தும். வெற்றுத் தொட்டிமேல் வைத்ததும் உருமி மேளம் மாதிரி முழங்கியது. முதல் நாள் சரக்குக் கணக்கை அடித்தபோது, மெஷின் பக்கம் வேலை பார்த்த ஆட்கள் யாரோ சாமி தூக்கி வருகிறார்கள் என்று வெளியே ஓடிவந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியே விட்டார்.

ஆக, என் வேலை இது: அண்ணாந்து பார், அடி, குனிந்து பேப்பரைப் பிடி, மறுபடி அண்ணாந்து பார். சில வாரம் கழுத்து ஒத்துழைத்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, அண்ணாந்தேன். கழுத்து அங்கேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கரிக்கலாம்பாக்கத்தில் பெண் பார்க்கும் நாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு இடத்தில் நான் கறுப்பு, இன்னொரு இடத்தில் நான் டைப்பிஸ்ட். இந்த இடமும் போனால் இனிமேல் புரோக்கர் நம் வாசல் பக்கம் வரமாட்டார் என்று என் அம்மாவுக்குக் கவலை. எனக்கோ அதைவிடக் கவலை. பெண்ணின் போட்டோவைப் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது.

"இன்னாடா, தண்ணி குடிச்ச கோழி மாதிரி நிக்கற?" என்றாள் அம்மா.

"கழுத்து எறங்கலம்மா."

"இன்னிக்கின்னு பார்த்தா?"

நல்லெண்ணெய் தேய்த்தாள். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். இறங்கவில்லை. அப்படியே பஸ் ஏறினோம். பஸ் கூரையில் இருந்த திருகாணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கரிக்கலாம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

வாசல்படி கண்ணில் படாமல் தடுக்கி, வேகமாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். "மாப்ளைக்கு அவசரம்" என்று யாரோ சொன்னார்கள். பாயில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. அதில் மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. வாய் ஏற்கெனவே மேலே பார்த்திருந்தது, டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டேன். "எச்சி படாம குடிக்கறாரு, நல்ல வளர்ப்பு" என்று ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதுதான்.

பெண் வந்தாள். வந்தாள் என்பதை வளையல் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். என் கண்ணுக்குத் தெரிந்தது ஓட்டுக் கூரையும் ஒரு பல்லியும்.

"பொண்ண நல்லா பாத்துக்கங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

பார்த்தேன். பல்லி நகர்ந்தது.

அவர் குரல் மாறியது. "இன்னா தம்பி, வந்ததுலேர்ந்து எங்க வூட்டுக் கூரையவே அளக்கறீங்க? ஓட்டு வூடுதான். தெரிஞ்சிதான வந்தீங்க? மாடி வூடு வேணும்னா வேற எடம் பாக்கறது."

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க" என்று அம்மா பதறினாள். "புள்ளைக்குக் கொஞ்சம் கழுத்து..."

"கழுத்துல இன்னா கோளாறு? புரோக்கர் சொல்லவே இல்லியே!"

காரியம் இன்னும் கெட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது, "யப்பா, பரண் மேல முறுக்கு டப்பா இருக்குது, எடுத்தாறேன்" என்று ஒரு குரல் கேட்டது. ஏணி சாத்துகிற சத்தம். பிறகு என் கண்ணுக்கு நேரே, பல்லிக்குப் பக்கத்தில், ஒரு முகம் வந்து நின்றது. போட்டோவைவிட நன்றாக இருந்தது.

"இப்ப தெரியுதா?" என்றாள் உங்கள் அம்மா.

"தெரியுது" என்றேன்.

"கழுத்துல இன்னா?"

"கம்ப்யூட்டரு."

கம்ப்யூட்டர் என்பது ஏதோ வியாதி என்று அந்தப் பெரியம்மா நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த குழந்தையைத் தள்ளி உட்கார வைத்தாராம். நான் பெட்டி, சிமெண்ட் கல், வாளி எல்லாவற்றையும் கூரையைப் பார்த்தபடியே ஒப்பித்தேன். உங்கள் அம்மா ஏணியிலேயே நின்று கேட்டாள்.

"அத கீழ எறக்கி வெச்சா இன்னா?"

முதலாளி, ஆசாரி, நான், யாருக்குமே அது தோன்றவில்லை.

"மொதலாளி வெச்சாரு..."

"அவுரா கழுத்த நீட்டறாரு? மொதல்ல அத எறக்கிட்டு வாங்க. அப்பறம் நான் ஒங்களுக்குக் கழுத்து நீட்டறதப் பத்திப் பேசலாம்."

அவள் அப்பா, "எறங்குடி கீழ" என்று அதட்டினார். ஆனால் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் முறுக்கு கிடைத்தது.

திங்கட்கிழமை முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் நாற்காலியில் இருந்தார், நான் அவர் தலைக்குமேலே இருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினேன்.

"கீழ வெச்சா பார்ட்டி வந்தா யாருக்குய்யா தெரியும்?" என்றார்.

"கல்யாணம் நின்னுடும் சார்."

"கம்ப்யூட்டருக்கும் கல்யாணத்துக்கும் இன்னாய்யா?"

சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்து, "பெட்டி காலியா இருந்தா அசிங்கமா இருக்குமே" என்று யோசித்தார். கடைசியில் கம்பெனியின் புது மாடல் சிவப்பு வாளி ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். காலையில் கதவு திறக்கும், சாயங்காலம் பூட்டுவோம். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த வாளி பத்திரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை எல்லாரும் போன பிறகு நான் மட்டும் இருந்து ஒழுங்கு பண்ணினேன். சிமெண்ட் கல்லை எடுத்தேன். வாளிகளைக் கோடவுனில் போட்டேன். மானிட்டரின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி மேசையில் வைத்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பாதம் இரண்டும் தரையில் பட்டது. பிரிண்டரை மேசைமேல் ஏற்றி, அடியில் கோணியை மடித்து வைத்தேன். மேளம் அடங்கி, வெறும் தையல் மெஷின் சத்தமாகிவிட்டது. அதில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில் 'இறக்கியாச்சு' என்று ஒரு வரி அடித்து, தாளின் இரண்டு ஓரத்திலும் இருந்த ஓட்டைப் பட்டைகளைக் கிழித்து எடுத்தேன்.

அப்போது கழுத்தில் 'மடக்' என்று ஒரு சத்தம். தலை மெல்லக் கீழே இறங்கியது. சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக என் காலைப் பார்த்தேன்.

ஒரு செருப்பு நீல வார். இன்னொன்று பச்சை வார், ஒரு அளவு பெரியது. பச்சை என்னுடையது இல்லை. அந்தக் கரிக்கலாம்பாக்கத்து வாசலில் காலாலேயே தடவி மாட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக ஊரெல்லாம் நடந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் என் கழுத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். என்னுடைய நீலச் செருப்பை ஒரு காலில் போட்டுக்கொண்டு உங்கள் கரிக்கலாம்பாக்கத்துத் தாத்தா என்ன பாடு படுகிறாரோ என்று தோன்றியது.

பச்சைச் செருப்பைக் கழற்றி, குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துடைத்து, அந்தத் தாளிலேயே பொட்டலமாகக் கட்டினேன். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலாகக் கரிக்கலாம்பாக்கம் பஸ்ஸுக்கு நடந்தேன்.