கழுவாமல் விட்ட கறுப்பு

பாபநாசத்துக்குத் தெற்கே அப்பா குத்தகைக்கு உழுத வயலில் நடவு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மிராசுதார் டிராக்டரை இறக்கி, வேர் பிடித்த நாற்றையெல்லாம் சேற்றோடு உழுதுபோட்டார். குத்தகைதாரனை வெளியேற்றக் கூடாதென்று சட்டம் இருந்தது. பதிவேட்டில்தான் அப்பாவின் பெயர் இல்லை. வரப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார் அப்பா. எனக்குப் பதினேழு வயது. கும்பிட வைத்தவரை நான் மன்னிக்கவே இல்லை.

பிழைக்கத் தஞ்சாவூர் வந்தோம். வண்ணக் கண்ணாடிப் பட்டறையொன்றில் சேர்ந்தேன். மாதா கோயில் ஜன்னல்கள்தான் அதிகம் வரும். கண்ணாடித் துண்டுகளை ஈயம் உருக்கிச் சேர்த்தால் கோடுகள் வெள்ளியாய்ப் பளபளக்கும். அவற்றைக் கறுப்பாக்குவது என் வேலை. மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் கண்ணெதிரே கறுத்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, மெழுகு பூச வேண்டும். கழுவாமல் விட்டால் ஈரக்காற்று பட்டதும் வெள்ளை பூத்துவிடும்.

சில வருஷம் கழித்து முதலாளி ஒரு படத்தைக் கொடுத்தார். புது வீட்டு வாசலுக்கு மேலே வைக்க, சூரியனும் பச்சை வயலும்.

"கோடெல்லாம் நல்ல கறுப்பா இருக்கணுமாம்."

கீழே இருந்த விலாசத்தைப் பார்த்தேன். அதே மிராசுதார். பச்சை வயல் கேட்கிறார்!

அவ்வளவு அழகாக நான் எதையும் கறுப்பாக்கியதில்லை. காய்ந்த துணியால் துடைத்து, மெழுகு பூசியதுபோல் மினுக்கி அனுப்பினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

ஐப்பசி மழையில் மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறதாம். முதலாளி என்னையே அனுப்பினார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி வயல் முழுக்க வெள்ளை பூத்து, பூஞ்சணம் பிடித்த சோறு மாதிரி இருந்தது. வயிறு குளிர்ந்தது எனக்கு.

ஏணியில் ஏறித் தேய்த்தேன். நிச்சயதார்த்த ஏற்பாடு பேச வந்திருந்த சம்பந்தி வீட்டார் கீழே கூடிவிட்டார்கள்.

"ஏம்மா இப்படி ஆச்சு?" என்றார் அவர்களில் ஒரு பெரியவர்.

"நான்தாங்க கழுவாம விட்டேன். வேணும்னே."

மிராசுதார் நிமிர்ந்தார். "யாரு நீ?"

"வாய்க்கால் மேட்டு வயலை உழுத குத்தகைக்காரர் மக. நட்ட பத்தாம் நாள் டிராக்டர் விட்டீங்களே, அந்த வயலு."

"எறங்குடி கீழே!"

"பயிரை உழுதீங்களா?" என்று பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். மிராசுதார் காபி சாப்பிட வாங்க என்று அவரை உள்ளே அழைத்தார். நான் மீதிக் கோடுகளையும் கழுவி, மெழுகு பூசி முடித்துத்தான் இறங்கினேன்.

நிச்சயதார்த்தம் நடந்தது. என் வேலை போயிற்று. "பட்டறைப் பேரைக் கெடுத்துட்டியேம்மா" என்றார் முதலாளி. அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். விஷயத்தைக் கேட்ட அப்பா, "அந்தப் பெரியவர் நிஜமாவே கேட்டாரா?" என்றார். சாப்பிடும்போது இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.