தலையில் கை வைத்த வகுப்பு

பள்ளிக்கூடத்தில் நான் நர்ஸ். என் அறைக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருந்தது வெறும் மரத்தட்டி. அந்தப் பக்கம் சாக்பீஸ் முறிந்தால் இந்தப் பக்கம் கேட்கும். இன்றைக்கும் பினாயில் வாசனை வந்தால் எனக்கு வாய்ப்பாட்டுச் சத்தமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

அந்த வகுப்பில் குருவி என்று ஒரு பெண். கணக்கு வகுப்பு மணி அடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். காய்ச்சல் இருக்காது, நாக்கு சுத்தமாக இருக்கும், வயிறு அமுக்கினால் மெத்தென்று இருக்கும். கணக்கு முடிந்த மணி அடித்தால் வலியும் போய்விடும். நடிப்பில்லை, நிஜமான வலிதான். அப்போதிருந்த வாத்தியார் விடை தப்பாகச் சொன்னவர்களை பெஞ்சு மேல் ஏற்றி, மற்றவர்களைச் சிரிக்கச் சொல்வார். இதற்கு நான் என்ன மாத்திரை கொடுப்பது? வெந்நீர்ப் பை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

அவர் மாற்றலாகிப் போன பிறகு தற்காலிகமாக ஒரு டீச்சர் வந்தார். ஒல்லியானவர், குரல் மட்டும் கனம். கணவர் பஸ் ஓட்டியவர். முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். அவரைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று கேட்டுத்தான் முதன்முதலில் என் அறைக்கு வந்தார். என் கட்டிலிலேயே செய்து காட்டினேன். மறுநாள் வந்து, "சிஸ்டர், நேத்து ராத்திரி அவர் நல்லாத் தூங்கினார். நான்தான் தூங்கல, சரியாப் புரட்டினேனான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். வேலை நிரந்தரமாகாவிட்டால் அந்த வீடு நடக்காது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தப்பு டீச்சர். தினமும் பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு போடுவார். கண்டுபிடித்தவர்கள் கத்தக் கூடாது. உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவரை எழுப்புவார். அந்தப் பிள்ளை தப்பைச் சொல்லிவிட்டு, "பரவால்ல டீச்சர், அழிச்சிட்டு எழுதுங்க" என்று முடிக்க வேண்டும். பிள்ளைகள் தப்பு பண்ணினாலும் அதே வார்த்தைதான். சிரிப்பு கிடையாது.

குருவி வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. எனக்குச் சந்தேகம், வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்களோ என்று. தட்டி இடுக்கில் பார்த்தேன். குருவி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் பல்.

தலைமை ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. ஆய்வு அதிகாரி வரப்போகிற வாரம் என் அறை வாசலிலேயே டீச்சரை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, தப்பைக் கத்துக்கவா பிள்ளைங்க பள்ளிக்கூடம் வருது?"

"தப்பைக் கண்டுபிடிக்கிறாங்க மேடம். கண்டுபிடிச்சா பயம் போயிடுது."

"பயம் போகட்டும். உங்க வேலை போகாம இருக்கணுமே. உங்களை வெச்சுக்கலாமா வேணாமான்னு அவர் எழுதறதுதான் முடிவு. அன்னைக்குப் பலகைல ஒரு புள்ளி தப்பா இருக்கக் கூடாது."

"சரிங்க மேடம்," என்றார் டீச்சர். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. டீச்சர் அத்தனையும் சரியாகவே எழுதினார். பிள்ளைகள் பலகையைத் துழாவித் துழாவிப் பார்த்தார்கள். தப்பைக் காணோம். நானும் வேலையை விட்டுவிட்டுத் தட்டியோரம் நின்றேன். அதிகாரி எழுந்து, "நானே ஒரு கணக்கு போடறேன்" என்று சாக்பீஸை வாங்கினார். ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று எழுதி, எப்படிக் கழிப்பது என்று பேசிக்கொண்டே நாற்பத்தைந்து என்று போட்டார்.

வகுப்பு மொத்தமும் நிம்மதியாகத் தலையில் கை வைத்தது. பின்னால் நின்ற தலைமை ஆசிரியையும் வைத்தார், அவர் காரணம் வேறு.

"என்ன இது, எல்லாரும் தலைல கை வெச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் குருவி எழுந்துவிட்டாள்.

"அஞ்சுலேர்ந்து ஒண்ணைப் பக்கத்துக்குக் குடுத்தாச்சுங்க சார். நாலுதான் இருக்கு. பரவால்ல சார், அழிச்சிட்டு எழுதுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டோம்."

அதிகாரியின் காது சிவந்தது. "என்னைக் கிண்டல் பண்ணச் சொன்னது யாரு, உங்க டீச்சரா?"

"இல்லீங்க சார். டீச்சர் இன்னைக்குத் தப்பே போடல. அதான் உங்க முறைன்னு நினைச்சோம்."

அவர் பலகையைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அழித்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதினார். பிள்ளைகள் கையை இறக்கினார்கள். "உக்காரும்மா," என்றார் குருவியிடம். அப்புறம் டீச்சரிடம், "தினமும் இப்படித்தானா?"

"ஆமாங்க சார். இன்னைக்கு மட்டும்தான் வேணாம்னு இருந்தேன்."

மதியத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. வகுப்பில் சத்தம் அதிகம், பணியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அதிகாரி. அதிகாரிகள் எதிலாவது ஒரு குறை சொல்லாமல் போக மாட்டார்கள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைப்பது போல அது ஒரு வழக்கம். உண்மையில் அந்த வகுப்பில் அன்று சத்தமே இல்லை.

டீச்சர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நாடி பார்த்தேன், குதிரை ஓட்டம்.

"வீட்ல அவருக்குச் சொல்லணும் சிஸ்டர். காலைலேர்ந்து கதவையே பாத்துக்கிட்டிருப்பார். மணி அடிக்கட்டும்."

"மணி எதுக்கு? போய்ச் சொல்லிட்டு வாங்க. வகுப்பை நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குக் கணக்கு வருமா?"

"வராது. போங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் மைதானத்தின் குறுக்கே ஓடினார்.