இத்தா காலத்துப் புடலம்பந்தல்

எங்கள் அத்தா இறந்தது அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம். அப்போது எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில் இருந்தது. அத்தாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. காலையில் சிரித்துக்கொண்டே கடைக்குப் போனவரை மத்தியானம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி நான் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு அங்கே ஆபீஸ் வேலை. தகவல் கிடைத்து பஸ் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் அத்தாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

அன்றைக்கே அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனைப் பறிகொடுத்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலத்துக்கு எங்களில் இத்தா என்று பெயர். நகை கூடாது, பூ கூடாது, அத்தர் கூடாது. இவ்வளவுதான் விதி. ஆனால் அத்தாவின் அக்காள், எங்கள் மாமி, அதோடு விடுகிறவள் இல்லை. இத்தாவைக் காவல் காக்கவே பிறந்தவள் போல நடு அறையில் அம்மாவை உட்காரவைத்தாள். கொல்லைப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலுக்கும் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டாள். வானத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

ரெண்டு வாரத்தில் அம்மா பாதியாகிவிட்டாள். கஞ்சி கொண்டுபோனால் ரெண்டு வாய், அப்புறம் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். பேச்சும் குறைந்துபோனது. ஒருநாள், "அவுங்க போன எடத்துக்கே நானும் போயிடுறேன், வுட்டுடுங்க" என்றாள். அதற்குப் பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அத்தா போன கையோடு அம்மாவும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாமியோடு சண்டைக்கு நின்றேன்.

"நாளைக்கு மறுமையில பதில் சொல்றது யாருடி?" என்று மாமி கத்தினாள்.

"இப்ப அம்மா செத்துப்போனா பதில் சொல்றது யாரு மாமி?" என்று நானும் கத்தினேன்.

கடைசியில் அண்ணன் போய்ப் பள்ளிவாசல் ஹஜரத்தை அழைத்து வந்தான். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "கொல்லையும் வீடுதாம்மா. மதிலுக்குள்ள இருக்கிற எல்லாமே வீடுதான். அந்நிய ஆம்பளைங்க பாக்காம இருக்கணும், அவ்ளோதான்."

மாமி விடவில்லை. "வானத்தப் பாக்கலாமா, கேளு" என்று என்னைக் கிள்ளினாள். கேட்டேன்.

"ஏம்மா, வானம் என்ன அந்நிய ஆம்பளயா?" என்றார் ஹஜரத்.

இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஒருவர் சிரித்தார். அது மாமி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் மறுநாளே வேலையில் இறங்கினான். கிணற்றுக்கு அப்பால், மதில் ஓரத்தில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நாலு மூங்கில் நட்டு, சுற்றிலும் தென்னங்கீற்றை வைத்துக் கட்டி, மேலேயும் கீற்றுப் போட்டு, உள்ளே ஒரு கயிற்றுக் கட்டிலும் போட்டான். சாயங்காலம் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா உள்ளே போய் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"அங்க ஒரு ரூமு, இங்க ஒரு ரூமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். அண்ணன் பாவம், முகம் தொங்கிப்போய் நின்றான். நான் ஏணி வைத்து ஏறி மேல்கூரையைப் பிரித்துப் போட்டேன். வெளிச்சம் மடமடவென்று உள்ளே கொட்டியது. ஆகா, தீர்ந்தது பிரச்சினை என்று இறங்கி நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து வீட்டின் மேலே ஒரு கொத்தனார் நின்று பீடி குடித்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டில் மாடி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் மாடி. சாரத்தில் நிற்கிற ஆளுக்கு எங்கள் கொல்லை தட்டில் வைத்த சோறு மாதிரி தெரியும். இப்போது எங்களுக்கு வேண்டியது ஒரு விசித்திரமான கூரை. அம்மாவின் கண் மேலே போக வேண்டும், மேலே இருக்கிறவர்கள் கண் கீழே வரக் கூடாது.

கொடி விடலாம் என்று சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. தங்கள் மாடியால் எங்களுக்கு இப்படி ஆயிற்றே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. முல்லைப் பதியன் ஒன்றை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். மாமி அதை வாசற்படியிலேயே மறித்தாள். "இத்தாவுல இருக்குறவ வாசனப் பூவுக்கு அடியில ஒக்காரலாமா?" என்றாள். இந்தத் தடவை அவள் பேச்சில் சட்டம் இருந்தது, பதியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்காரருக்குச் சமைத்துவைக்க அண்ணாமலை நகர் போயிருந்தபோது, குமராட்சியிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் காய் கொண்டுவருகிற பெண்ணிடம் சீக்கிரம் படர்கிற கொடி எது என்று கேட்டேன். "தைப் பட்டத்துக்குப் புடல் போடு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஏறிடும்" என்று ஒரு பிடி விதை கொடுத்தாள். புடல் இலையை அடுத்த வீட்டு வேலியில் பறித்துக் கசக்கி மோந்து பார்த்தேன். நாற்றம். மாமிக்கு இதைவிடப் பிடித்த கொடி கிடைக்காது என்று சந்தோஷமாக இருந்தது.

கடலூர் திரும்பியதும் கொல்லையில் கீற்றுத் தட்டியை ஒட்டி மண்ணைக் கொத்தி விதைகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"ஊற வெக்காமயா போடுற? படிச்சவ லட்சணத்தப் பாரு! எல்லாத்தையும் தோண்டி எடுடி."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை நாளில் அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மண்ணுக்குள் விரலை விட்டு ஒவ்வொரு விதையாகத் தேடி எடுத்தேன். இன்னும் ரெண்டு திட்டு திட்டமாட்டாளா என்று வேண்டுமென்றே மெதுவாகத் தேடினேன். அவளும் ஏமாற்றவில்லை.

விதை ஊறியது, முளைத்தது, அண்ணன் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிற்றைப் பிடித்தது. கொடி மேலே படர்கிற வரைக்கும் பொறுக்க வேண்டுமே என்று கவலைப்பட்டோம். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி செய்தார். தென்னை மரம் ஏறுகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் கொல்லையில் இருக்கிற பெண்களுக்குக் கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பார்கள் இல்லையா, அதே மாதிரி குரல் கொடுத்துவிட்டுத்தான் சாரத்தில் ஏற வேண்டும் என்று கொத்தனார்களிடம் சொல்லிவிட்டார். "ஆளு ஏறுதும்மா!" என்று குரல் வரும். அம்மா உள்ளே வந்துவிடுவாள். "எறங்கியாச்சும்மா!" என்று குரல் வரும். மறுபடி கொல்லைக்குப் போவாள். அந்தக் கொத்தனாரின் முகத்தை அம்மா பார்த்ததே இல்லை. ஆனால் ஒருநாள் குரல் வராதபோது, "அந்தப் புள்ளைக்கி ஒடம்புக்கு என்னான்னு கேளு" என்று கவலைப்பட்டாள்.

பங்குனியில் பந்தல் மூடிக்கொண்டது. வெயில் இலையில் பட்டுப் பச்சையாக வடிந்து கட்டிலில் விழுந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானைத் தண்ணீர், தொழுகைப் பாய், தஸ்பீஹ் மணி, ஒரு விசிறி. அவ்வளவுதான் அந்த இடம். அம்மா அங்கேயே அரிசி புடைத்தாள், அங்கேயே ஓதினாள், அங்கேயே தூங்கினாள். தட்டில் சோறு மிச்சமாவது குறைந்தது. நடுவில் பெருநாள் வந்து போனது. அன்றைக்கு மட்டும் தட்டிக்குள் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நான் உள்ளே போகவில்லை. அழுவதற்கும் ஒரு மறைவான இடம் வேண்டும், அது அவளுக்கு இப்போது இருந்தது.

காய் பிடித்ததும் அம்மாவே கிணற்றடியில் சின்னக் கல்லாகப் பொறுக்கி, நூலில் கட்டி, ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் தொங்கவிட்டாள். கல் கட்டாவிட்டால் புடலங்காய் சுருண்டுபோகும். மத்தியானம் கடற்காற்று வந்தால் அத்தனை கல்லும் ஆடும். மாமி வெற்றிலைப் பெட்டியோடு உள்ளே வந்து உட்கார்ந்து, தலையில் கல் இடிக்கிறது என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் எழுந்து போகமாட்டாள். காவலுக்கு வந்தாளாம்.

நான் சாகும்வரை மறக்காத ஒரு சாயங்காலம் உண்டு. மஃரிப் தொழுகை முடிந்து நான் அடுக்களையில் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அது குரலை அடக்கிய கூப்பாடு. பாம்புதான் வந்துவிட்டது என்று விளக்கோடு ஓடினேன்.

"வெளக்க வெளியில வை. பேசாத. மேல பாரு."

பார்த்தேன். பந்தலின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மொட்டுகள். பகலெல்லாம் பயறு அளவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்தவை. எங்கள் கண் முன்னால் ஒன்று அவிழ்ந்தது. ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் ஓரத்திலிருந்தும் நூல் நூலாகச் சுருள் பிரிந்து நீண்டது. பட்டுச் சேலை முந்தானையில் குஞ்சம் பிரித்துவிட்ட மாதிரி. அதை அவிழ்த்த கையைத்தான் காணோம். பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அப்பால் ஒன்று. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலை சுற்றியது. சிட்டுக்குருவி பருமனுக்கு ஒரு அந்துப்பூச்சி எங்கிருந்தோ வந்து, எங்கேயும் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே பூ பூவாக வாய் வைத்துவிட்டுப் போனது.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் அம்மா. "முப்பது வருசமா புடலங்கா கூட்டு ஆக்கியிருக்கேன்டி. இதப் பாத்ததே இல்ல."

எப்படிப் பார்த்திருப்பாள்? அது விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்குள் தொழுகை, அடுப்பு, பிள்ளைகள், கடையிலிருந்து வரப்போகிற அத்தாவுக்குச் சாப்பாடு. தினமும் அவள் அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்த அதே நேரத்தில், நாலு சுவருக்கு வெளியே, யாரும் பார்க்க வேண்டும் என்ற கவலையே இல்லாமல் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

மெல்லிய வாசனைகூட வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமியிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மஃரிப் முடிந்ததும் அம்மா அங்கே போய்விடுவாள். "அவுங்க பின்னாலயே போயிடுறேன்" என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை. "அவுங்க இதப் பாக்காமயே போயிட்டாங்களே" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

அக்கினி வெயில் முடிகிற சமயத்தில் இத்தாவும் முடிந்தது. கொடி பழுக்க ஆரம்பித்திருந்தது. விதைக்கு விட்ட ஒரே ஒரு காய் மட்டும் செக்கச்செவேல் என்று தொங்கியது. அம்மா குளித்து, அண்ணன் எடுத்துக் கொடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். துஆ ஓதினார்கள். வெளியே போகிற முதல் நடை தன் வீட்டுக்குத்தான் இருக்க வேண்டும் என்று மாமி முதல் நாளே பிரியாணிக்குச் சொல்லிவைத்திருந்தாள். வாசலில் வண்டி நின்றது.

அம்மா படி இறங்கினாள். வண்டியைத் தாண்டி நடந்து பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். "எம்மா, ஒங்க மாடியில ஏறிப் பாக்கட்டுமா?" என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீடுகளெல்லாம் ஓட்டு வீடுகள். அம்மா அதுவரைக்கும் ஒரு மாடியிலும் ஏறியதில்லை. பூச்சு வேலை முடியாத அந்தப் படிக்கட்டில் கைப்பிடிகூட இல்லை. சுவரைத் தடவித் தடவி ஏறினாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் மூச்சு வாங்க மாமி. மேலே போனதும் காற்று முக்காட்டைத் தூக்கியது. கிழக்கே தூரத்துச் சவுக்குத் தோப்புக்கு மேல் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. நேராக எங்கள் வீட்டுப் பக்கத்து ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

கிணறு, துணி காயும் கொடிக்கயிறு, முருங்கை. மதில் மூலையில் ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சை. மஞ்சள் இலைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலின் ஒரு கால்.

"எங்கடி அது?" என்றாள்.

"அதாம்மா. முருங்கைக்குப் பக்கத்துல."

அவள் நம்பவில்லை. என் விரல் போகிற திசையை மறுபடி பார்த்தாள். சாரத்தின் அடியில் யாரோ, "ஆளு ஏறுதும்மா!" என்று பழக்கத்தில் குரல் கொடுத்தார்கள். அம்மா முக்காட்டை மட்டும் இழுத்துக்கொண்டாள், நகரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது.

"இத்தினிக்காண்டு எடத்துலயாடி நான் பொழச்சேன்?" என்றாள். "உள்ள இருந்தப்ப எம்மாம் பெருசா இருந்துச்சு."