“புரியவில்லை” என்று சொல்ல வைத்த சர்வேசுரன்

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதுவதாகத் தேவமாதாவிடம் நேர்ந்துகொண்டுவிட்டேன்.

என் பெயர் அந்தோணிசாமி. முத்தியால்பேட்டையில் குடியிருக்கிறேன். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி; பிரெஞ்சு படித்துப் பரீட்சை தேறினவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடத் தொடக்கத்தில் சென்னப்பட்டணத்து இங்கிலீஷ் கம்பெனி ஒன்று எங்களிடம் சரக்கு வாங்க முன்வந்தது.

“நம்மகிட்ட இங்கிலீஷ் யாருக்குத் தெரியும்?” என்று முதலாளி கேட்டார்.

“எனக்குத் தெரியுங்க” என்றேன்.

அகராதியைப் புரட்டிக் கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். யாராவது பேசினால் பத்தில் இரண்டு வார்த்தைதான் பிடிபடும்.

பங்குனியில் துரைகள் இருவர் வந்தார்கள். முதலாளி காரைக்காலுக்குப் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்து பேசினேன். தலையாட்டினேன் என்பதே சரி. அவர்கள் சிரித்தபோது சிரித்தேன். ‘யெஸ், யெஸ்’ என்றேன். பதினைந்தாம் தேதிக்குள் சரக்கு கடற்பாலத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவர்கள் சொன்னதாக நினைத்துக்கொண்டு, கிடங்கு மேஸ்திரி ராமலிங்கத்திடம் அப்படியே சொன்னேன். அவர் ஆள் வைத்து மூட்டைகளைக் கடற்கரையில் அடுக்கினார். கப்பல் வரவில்லை. காலந்தப்பிய மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூட்டைகள் நனைந்து பூசணம் பிடித்தன.

பிறகு துரைகளிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. அவர்கள் சொன்னது, பதினைந்தாம் தேதிக்குப் பிறகு.

முதலாளி திரும்பி வந்து விசாரித்தார்.

“குமாஸ்தா ஐயாதாங்க பதினைஞ்சுக்குள்ளன்னு சொன்னாரு” என்றார் ராமலிங்கம்.

“அப்புறம்னுதான் சொன்னேன். அவர் காதுல தப்பா விழுந்திருக்கும்” என்றேன்.

ராமலிங்கம் என் முகத்தைப் பார்த்தார். வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவர், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதன்பின் மூன்று முறை குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மூன்று முறையும் இதை மட்டும் மறைத்தேன். மறைத்துவிட்டுப் பூசையில் நற்கருணையான நன்மையும் வாங்கினேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

துரைகள் ஆனிமாதக் கடைசியில் மறுபடி வருவதாகத் தந்தி வந்தது. இம்முறை முதலாளியும் உட்காருவார். என் இங்கிலீஷ் வெளுத்துவிடும். அப்போஸ்தலர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கிய நாளான இஸ்பிரீத்துசாந்து திருநாள் பூசையில், “அப்போஸ்தலர்களுக்கு அத்தனை பாஷை கொடுத்தீரே, எனக்கு ஒன்றே ஒன்று கொடும்” என்று அழுதேன். அப்போதுகூட ராமலிங்கத்தை நினைக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றும் என்றுதான் கேட்டேன்.

பூசை முடிந்து மீன் வாங்க வைத்திக்குப்பம் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு மீன் விற்ற பெண், தடங்கல் இல்லாமல் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். மதலேனம்மாள் என்று பெயர். விதவை, என் வயதுதான் இருக்கும்.

“ரங்கூன்ல ஒரு துரை வூட்ல பதினோரு வருசம் வேலை செஞ்சேங்க. அந்த அம்மாகூடப் பேசிப் பேசி வந்துடுச்சி” என்றாள்.

எனக்குக் கற்றுத் தர முடியுமா என்று கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் உடனே சம்மதித்தாள்.

தினமும் மத்தியானம், வியாபாரம் முடிந்தபின், எனக்குத் தெரிந்தவர்கள் வராத இடமாகப் பார்த்துப் படகு மறைவில் உட்காருவேன். அவள்தான் துரை. விலை கேட்பாள், தேதி கேட்பாள், வேண்டுமென்றே வேகமாகப் பேசுவாள். முதல் நாள் வழக்கம்போல் ‘யெஸ்’ என்றேன்.

“எதுக்கு யெஸ்ஸுன்றீங்க? நான் என்னா கேட்டேன், சொல்லுங்க பாப்போம்.”

மறுபடியும் ‘யெஸ்’ என்றேன்.

“புரியலன்னா புரியலன்னு சொல்லணும். ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். எங்க, சொல்லுங்க.”

அந்த ஒரு வாக்கியம்தான் என் வாயில் வரவே இல்லை.

ஒருநாள் காலை ஆபீஸ் சிநேகிதர் ஒருவருடன் மார்க்கெட் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எதிரே கூடையோடு வந்தவள், “குட் மார்னிங், சார்” என்று சிரித்தாள். “யாருய்யா இது?” என்றார் சிநேகிதர். “யாரோ, எனக்குத் தெரியாது” என்று அவள் காதுபடச் சொன்னேன்.

மறுநாளும் அவளிடம் போய் உட்கார்ந்தேன். அவளும் எப்போதும்போல் சொல்லிக் கொடுத்தாள். எழுந்திருக்கும்போது மட்டும், “எனக்கு ஒண்ணுமில்லீங்க. தெரியாதுன்னு சொன்னது நீங்க. அந்தப் பாரம் உங்களுதுதான்” என்றாள்.

நேரே கோவிலுக்குப் போனேன். முழங்காலில் நின்றபோது ராமலிங்கத்தின் முகம் வந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் பெயரைச் சொல்லி வேண்டினேன். “இங்கிலீஷ் வராவிட்டாலும் போகட்டும். இனி பொய் சொல்லாத நாக்கைக் கொடும், சுவாமி.”

துரைகள் வந்தார்கள். பாதிக்கு மேல் எனக்கு விளங்கியது. இருவரில் பெரியவர் கேட்டார், போன தடவை ஏன் சரக்கு முன்னதாக வந்தது என்று. முதலாளிக்குத் தமிழில் சொன்னேன்.

“கிடங்கு மேஸ்திரி தப்பாக் கேட்டுட்டான், அவனை அனுப்பிட்டோம்னு சொல்லு” என்றார் முதலாளி.

அதற்கான இங்கிலீஷ் முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிழையில்லாமல் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. “மை மிஸ்டேக், சார். ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்.”

துரை பேனாவைக் கீழே வைத்தார். நான் முதலாளி பக்கம் திரும்பினேன். “தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேங்க. ராமலிங்கம் சரியாத்தான் கேட்டாரு. நான்தான் பொய் சொன்னேன்.” அழுதுவிட்டேன்.

துரை சிரிக்கவில்லை. விளங்காத இடத்தில் நிறுத்திக் கேள் என்று சொல்லி, மெதுவாகப் பேச ஆரம்பித்தார். வியாபாரம் முடிந்தது. அவர்கள் போனபின் முதலாளி சொன்னார்: “நீயே போயி ராமலிங்கத்தைக் கூட்டிக்கிட்டு வா. அவன் வந்தா நீயும் இரு. அவன் வரலன்னா நீயும் வராத.”

ராமலிங்கம் தன் ஊரில் யாரோ ஒருவருடைய வயலில் கூலிக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.

“மூணு மாசமா என் காதுலதான் கோளாறோன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. வூட்ல யாராச்சும் பேசினா ரெண்டு தரம் கேப்பேன்.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் கைகால் கழுவிக்கொண்டு என்னோடு கிளம்பினார். வழி நெடுக எனக்கு முன்னால் நடந்தார்.

இருவரும் வேலையில் இருக்கிறோம். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அதே சிநேகிதரை அழைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், “எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவங்க இவங்கதான்” என்று மதலேனம்மாள் முன்னால் சொன்னேன்.

சகோதரரே, சகோதரிகளே, நான் கேட்டதைச் சர்வேசுரன் கொடுக்கவில்லை. நான் கேட்க வெட்கப்பட்டதைக் கொடுத்தார். நீங்களும் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால், அதையே அவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். தள்ளமாட்டார்.

ராமலிங்கம் இன்னும் வேலை விஷயம் தவிர என்னோடு பேசுவதில்லை. அது நியாயம். அவர் மனம் ஆறும்படி எனக்காகத் தேவமாதாவிடம் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.