திரும்ப எடுக்க முடியாதபடி

தன் சொத்தைத் தானே தொட முடியாதபடி எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டவன் என் தம்பியேதான். போனில் பணம் கட்டி ரம்மி ஆடுகிற பழக்கம் அவனுக்கு. அதில் ஏறிய கடனை அடைப்பதற்குள் திருவாலங்காட்டுப் பக்கம் இருந்த கரும்பு நிலத்தில் பாதி போய்விட்டது. மறு பாதியும், திருத்தணி மலையடிவாரத்தில் வாடகைக்கு விட்டிருந்த இரண்டு கடைகளும்தான் மிச்சம்.

"இதுவும் போயிடும்க்கா. உன் பேருக்கு எழுதி வச்சிக்கோ" என்றான்.

எனக்கு மனமில்லை. தம்பி சொத்தை அக்கா சுருட்டினாள் என்றுதான் ஊர் பேசும். வக்கீலிடம் போனோம். அவன் மனைவிக்கும் மகளுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதலாம், நானும் அவன் மனைவியும் பொறுப்பாளர்களாக இருக்கலாம் என்றார்.

"வேற கடன் எதுனா இருக்குதா? கடன்காரனை ஏமாத்த எழுதினதா ஆச்சுன்னா கோர்ட்ல நிக்காது."

"இல்லீங்க" என்றான் தம்பி. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்னால மாத்திக்கலாம்னு ஒரு வரி சேக்கட்டுமா?"

"வேணாம் சார். சேத்தா நானே மாத்திடுவேன்."

பதிவு நாளன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்களைக் கூப்பிடும் நேரத்தில் அவனைக் காணவில்லை. வெளியே ஓடினேன். ஜெராக்ஸ் கடை ஓரம், கையில் போனோடு நின்றிருந்தான்.

"யார்கிட்ட பேசிகினு இருக்க?"

"ஒருத்தர் கடைய நல்ல விலைக்குக் கேக்கறார்க்கா. வித்துட்டு பேங்க்ல போட்டுட்டா..."

"வேணாம்னா இப்பவே சொல்லு. கையெழுத்துப் போட்டப்புறம் நான் நெனச்சாலும் திருப்பித் தர முடியாது."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்தான். திரும்ப எடுக்க முடியாது என்று தெரியுமா என சார்பதிவாளர் கேட்டபோது, "ஆங், தெரியும்ங்க" என்றான். விரல் ரேகை முதல் தடவை பதியவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

பட்டா டிரஸ்ட் பேருக்கு மாறியது. வங்கியில் தனிக் கணக்கு திறந்தோம். கடை வாடகையும் கரும்புப் பணமும் அதில்தான் விழும்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடியாக இருந்த ஒரு பகலில் வீட்டுக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரே ஒரு கடைய மட்டும் எடுத்துக் குடுக்கா."

"முடியாது."

"உன் சொத்தா அது?"

"இல்ல. உன்னுதும் இல்ல."

தண்ணீர் டம்ளரைச் சுவரில் வீசினான். எழுந்த என் கணவரைக் கைபிடித்து உட்காரவைத்தேன். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கொடுக்க வழி இருந்திருந்தால் அன்று கொடுத்திருப்பேன். சட்டம் வழி வைக்காததால்தான் பிழைத்தோம்.

அதற்குப் பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு லுங்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று அவன் மனைவி சொல்லித்தான் தெரியும். இந்த வருடம் அவன் மகளைக் கல்லூரியில் சேர்க்க நாங்கள் கிளம்பியபோது அவனும் பஸ் நிலையத்துக்கு வந்தான். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான். இன்னும் ஆடுகிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.