முப்பது அங்குல மேடை

கனடாவின் தண்டர் பே நகரில், ஃபின்லாந்துக்காரர்கள் வாழும் தெருக்களில் இர்யா ரந்தலாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைச்சல். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை அள்ளி அள்ளிப் போட்ட உடம்பு. கூட வேலை பார்த்தவர்கள் "ஏ கம்பம்!" என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். ஐம்பது வயதுவரை ஒரு நோவும் அவளை அண்டவில்லை.

புருஷன் வெய்க்கோ காட்டில் மரம் வெட்டுகிறவன். ஒரு பிப்ரவரியில், தப்பான பக்கம் சாய்ந்த மரம் ஒன்று அவன் முதுகில் விழுந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை.

அவன் சக்கர நாற்காலியில் வீடு திரும்பும் முன், மறுவாழ்வு மையத்துப் பெண் ஒருத்தி வீட்டைப் பார்க்க வந்தாள். வெய்க்கோவும் அன்று கூட வந்திருந்தான். சமையலறை 1961இல் கட்டியது. ஒடுங்கின வழி, உயர்ந்த மேடை, அதன் அடியில் தரைவரை அடைத்த அலமாரி. நாற்காலி உள்ளே போனால் திரும்ப முடியாது.

"இவருக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? மேடையைத் தாழ்த்தி, அடியில முழங்கால் நுழைய இடம் விட்டுட்டீங்கன்னா, நீங்க வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள இவரே சூப்பு வெச்சிருவாரு" என்றாள் அவள்.

"சூப்பு என்ன சூப்பு, விருந்தே வெக்கிறேன்" என்றான் வெய்க்கோ. "இருபத்தெட்டு வருஷமா இவ ஆக்கிப் போட்டுத் தின்னாச்சு. இனி இவ உக்காரட்டும்."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. இர்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தச்சர் ரெய்னோ அடுத்த தெருக்காரர். அளவெடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "முப்பது அங்குலம். உங்களுக்குத் தொடைக்குத்தான் வரும் இர்யா. ஒரு ஓரத்துல மட்டும் உயரமா விடட்டுமா?"

"எனக்கெதுக்கு? நான்தான் உக்காரப் போறேனே."

ஆறு வாரம் வேலை நடந்தது. நடுச்சுவரை இடித்தார்கள். கைப்பிடியை இழுத்தால் கீழே இறங்கிவரும் தட்டுகள் வந்தன. பக்கவாட்டில் திறக்கும் ஓவன் வந்தது. மையத்தின் செய்தித்தாளுக்காகப் படம் எடுத்தார்கள்: வெய்க்கோ அப்பம் திருப்புகிறான், இர்யா காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த அப்பம் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

மறுநாள் அவனுக்குத் தோள் வலித்தது. அடுத்த வாரம் அடுப்பின் அனல் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது. இர்யா சலவைக்கூடத்திலிருந்து வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து உருளைக்கிழங்கு சீவினாள், குனிந்து பாத்திரம் கழுவினாள். முக்காலி போட்டும் பார்த்தாள். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே பத்துத் தடவை எழுந்து உட்காருவதற்குக் குனிவதே மேல் என்று விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு நாள் கேட்டாள். "கிழங்கையாவது சீவி வெச்சிருக்கலாமே, வெய்க்கோ?"

"கால் போனவன்கிட்ட வேலை வாங்கப் பாக்கிறியா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

எட்டாவது வருடம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளால் நிமிர முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. முதுகில் அறுவை சிகிச்சை, பதினோரு நாள் படுக்கை. தான் துவைத்து அனுப்பிய விரிப்புகளின் மேல் படுத்துக்கொண்டு, அவன் என்ன சாப்பிடுகிறானோ என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ரெய்னோ பார்க்க வந்தபோது, "ஏதாவது கொண்டுபோய்க் குடுங்களேன்" என்றாள்.

"போனேன். வேணாம்னுட்டாரு" என்றார் அவர்.

கால்கரியிலிருந்து வந்த மகள் கைசா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்ததும் மீன் சூப்பு வாசனை. வெய்க்கோ அடுப்பிலிருந்து தொட்டிக்கு ஒரே சுழற்றலில் போனான். கையை நீட்டித் தட்டை இறக்கினான். பார்க்காமலே உப்பை எடுத்தான். மேடைமேல் அவனே சுட்ட ரை மாவு ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா! உங்களுக்கு இவ்வளவு நல்லா சமைக்க வருமா?" என்று சிரித்தாள் கைசா.

"பசிச்சா சமைக்க வேண்டியதுதானே."

இர்யா கைத்தடியை ஊன்றி நின்றாள். "அப்ப இத்தனை வருஷம்?"

அவன் கரண்டியில் சூப்பை எடுத்து ருசி பார்த்தான். "இத்தனை வருஷம் நீ இருந்தியே" என்றான். குரலில் கோபமோ குத்தலோ இல்லை. வெளியே பனி பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். கைசா அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

அடுத்த வாரமே இர்யா ரெய்னோவை வரச்சொன்னாள். ஓரத்தில் தனக்கென்று உயரமாக ஒரு மேடையும் ஒற்றை அடுப்பும் வேண்டும் என்றாள். அவர் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தார். அவளால் முழுதாக நிமிர முடியவில்லை. இன்னொரு தடவை அளந்துவிட்டு, முப்பத்தி நாலு அங்குலம் என்று குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் தனக்கு மட்டுமே சமைத்தாள். 'எனக்கு எங்கே?' என்று அவன் கேட்பான் என நினைத்து, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொற்களைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள். முதல் நாள் அவன் கேட்கவில்லை. முதல் மாதமும் கேட்கவில்லை. தன் பக்கத்து அடுப்பில் தனக்கு வேண்டியதைச் செய்து, செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டான். அவன் சாகும்வரை ஆறு வருடமும் அப்படியே போனது.