எட்டு பிளக்குகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருந்த வேலைகள் மூன்று. படகு ஓடும்போது என்ஜினின் வேகத்தையும் தண்ணீரின் சூட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த சோதனைத் தாளின் நகலைப் படகின் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். மதியத்துக்குள் மகர்பட்டாவில் அக்கா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்றையும் போனில் குறித்து வைத்திருந்தேன்.

நான் பூனேக்குப் பக்கத்தில், தளேகாவ் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஜெனரேட்டர், டிராக்டர், பம்ப்செட் என்ஜின்கள் எங்களிடம் வரும். என்ஜினை டைனோ என்ற கருவியோடு பூட்டி, சுமை கொடுத்து ஓடவிட்டு, எந்த வேகத்தில் எவ்வளவு சக்தி தருகிறது என்று அளந்து கொடுப்போம். படகு என்ஜின் வந்தது அதுதான் முதல் தடவை. பவனா நீர்த்தேக்கத்தின் கரையில் படகோட்டப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மும்பையில் யாரோ கைவிட்ட ஒரு பழைய வேகப் படகை வாங்கி, இரண்டு வருடம் உட்கார்ந்து உயிர் கொடுத்திருந்தார். எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்றால் இங்கே கிடைக்காது. பந்தய என்ஜின்களுக்குப் போடும் கேம்ஷாஃப்டை, வால்வுகளை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்து வைப்பதை, மும்பையிலேயே ஒரு மெக்கானிக் மாட்டிக் கொடுத்துவிட்டாராம். ஆனாலும் சக்தி ஏறவில்லை என்பதுதான் அவர் குறை.

குறை எங்கே என்று பார்த்தவுடனே தெரிந்தது. புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டு பழைய வார்ப்பிரும்புக் கூடு. ஒரு பக்கத்து நாலு சிலிண்டர்களின் புகையும் ஒரே குறுகலான அறைக்குள் வந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதற்குப் பதில் ஹெடர் போட்டால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே நீளத்தில் தனிக் குழாய் கிடைக்கும். ஒரு சிலிண்டரின் புகை குழாயில் பாய்ந்து போகும்போது தனக்குப் பின்னால் ஓர் இழுப்பை உண்டாக்கும். நீளம் சரியாக அமைந்தால் அந்த இழுப்பு அடுத்த சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் உறிஞ்சிவிடும். காலியான இடத்துக்குப் புதுக் காற்று கூடுதலாக வரும். கூடுதல் சக்தி அதில்தான் இருக்கிறது.

கசார்வாடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஹெடரைச் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பூனேக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் அவர் தமிழ் ஊரைவிட்டு ஒரு அடி நகரவில்லை. இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர் ஓட இடம், எட்டு குழாய்களும் நான் கொடுத்த நீளத்துக்கு மில்லிமீட்டர் பிசகாமல். டைனோவில் ஏற்றி ஓடவிட்ட அன்று மேல் வேகத்தில் நாற்பது குதிரைத்திறன் கூடியிருந்தது. திரையைப் பார்த்தவர், “நாப்பது குதிர! இத எங்கன கெட்டிப் போட, மேடம்? எங்க பில்டிங்ல ஸ்கூட்டர் நிப்பாட்டவே எடமில்ல” என்றார்.

என் சோதனைப் பட்டியலில் நாற்பத்தோரு வரிகள். பதினேழாவது வரி புகைக்குழாய்த் தண்ணீர் பற்றியது. படகில் ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி என்ஜினைக் குளிரவைத்து, கடைசியில் அதைப் புகையோடு கலந்து பின்பக்கமாக வெளியே தள்ளுவார்கள். இல்லையென்றால் பின்னால் இருக்கும் ரப்பர் குழாய் வெந்துவிடும். எங்கள் கூடத்தின் புகைப்போக்கியோ டிராக்டர்களுக்காகக் கட்டியது. ஈரம் பட்டால் அதன் விசிறி கெட்டுப்போகும். அதனால் தண்ணீரைப் புகையில் கலக்காமல் தனி ஹோஸில் எடுத்து வடிகாலில் விட்டேன். ‘தண்ணீர் வடிகாலுக்கு. சரி’ என்று எழுதி டிக் போட்டேன். கவனக்குறைவாகப் போட்ட டிக் இல்லை, யோசித்தே போட்டேன். யோசித்தது விசிறியைப் பற்றி.

பவனாவில் அன்று காற்று இல்லை. ஏரி தகடு மாதிரி கிடந்தது. படகுத்துறையில் நாங்கள் மூவர் தவிர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். வேறு படகுகளின் சொந்தக்காரர்கள். ஹெடர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஜீப்பில் வந்தவர்கள். அதற்காகவே வெல்டிங் அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

முதல் ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படகு மூக்கைத் தூக்கி, பிறகு தாழ்த்தி, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போனது. சத்தம் எதிர்க்கரை மலையில் பட்டுத் திரும்பியது. பின் இருக்கையில் உட்கார்ந்து எண்களை எழுதினேன். டைனோவில் வந்தவற்றோடு அவை ஒத்துப்போயின. திரும்பி வந்ததும் சொந்தக்காரர் என்ஜினை அணைக்கவில்லை. படகைத் துறையில் கட்டிவிட்டு, அந்த மூவருக்கும் சத்தத்தைக் காட்டினார். ஐட்லிங்கில், அதாவது சுமையில்லாமல் மெதுவாக ஓடும்போது, அந்த என்ஜின் குதிரை கால் மாற்றுவதுபோல் விட்டுவிட்டுத் துடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் பேசினார்கள், சிரித்தார்கள், போனில் படம் எடுத்தார்கள்.

எட்டு நிமிடம். என்ஜின் வேகம் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றில் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுநூறுக்கு வந்தது, பிறகு அறுநூற்றைம்பதுக்கு. இடையிடையே என்ஜின் இருமுவதுபோல் ஒரு குலுக்கல். நான் படகின் பின்புறம் போய் இடதுபக்கப் புகைக்குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்தேன். புகையும் தண்ணீரும் கையில் அடித்தன. அடித்தன, அடித்தன. நடுவில் ஒரு தடவை கையை உள்ளே இழுத்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் இழுத்தது.

மேல் வேகத்தில் புகையை வெளியே இழுக்கும் அதே ஏற்பாடு, மெதுவாக ஓடும்போது நேரம் தவறிப்போய்ப் புகையைச் சிலிண்டருக்கே திருப்பியனுப்பும். வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும் என்ஜினில் அது இன்னும் மோசம். கல்லூரியில் தேர்வுத்தாளில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். திரும்பி வரும் புகையோடு வேறென்ன வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வடிகாலுக்கு நான் திருப்பிவிட்ட தண்ணீர் இப்போது அந்தக் குழாய்க்குள் இருந்தது.

சொந்தக்காரர் அந்த நேரத்தில் என்ஜினை அணைத்தார். மூவரில் ஒருவர் ஒரு சுற்றுப் போக ஆசைப்பட்டு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் இருக்கையில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தார்.

“ருக்கியே! சாவியைத் திருப்பாதீங்க!” என்று இந்தியில் கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொதுவாகக் கத்துகிற ஆள் இல்லை.

அண்ணன் என் பக்கத்தில் வந்து தமிழில், குரலைத் தாழ்த்தி, “என்ன ஆச்சு? எதுக்கு இப்படிச் சத்தம் போடுதிய?” என்றார்.

“சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருக்கும்னு நினைக்கிறேன், அண்ணே.”

“நெனைக்கியளா, போயிருக்கா?”

“தெரியல.”

“மேடம், மூணு பேரு பாத்துட்டு நிக்காவ. நாலு படகு. இப்பம் போயி தண்ணி கிண்ணின்னா, என் பைப்பு ஒழுகுதுன்னுல்லா நெனைப்பாவ. அவரு ஒரு சுத்து போயிட்டு வரட்டும். அவுக போன பொறவு நாம கழட்டிப் பாப்போம்.”

“ஸ்டார்ட் பண்ணினா அப்புறம் பார்க்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிஸ்டன் மேலே வரும்போது அரை டம்ளர் தண்ணீர் அங்கே நின்றால் போதும். ஸ்டார்ட்டர் தள்ளும், தண்ணீர் இடம் கொடுக்காது, நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளையும். சொந்தக்காரரின் இரண்டு வருடம் ஒரு சாவித் திருப்பில் போய்விடும். அவர் கையில் இருக்கும் தாளில் என் கையெழுத்து இருக்கும்.

சொந்தக்காரரிடம், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“எட்டையுமா?” என்றார். “அரே மேடம், இப்பதானே பறந்துட்டு வந்தோம். நீங்களும் உள்ளேதானே இருந்தீங்க?”

“எட்டையும். அதுவரைக்கும் சாவியை என்கிட்ட கொடுங்க.”

சாவியை அவர் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் என்ஜின் மூடியைத் திறந்தார்.

பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். தண்ணீர் கலக்கும் இடம் அங்கேதான் பக்கம். ஸ்பேனர் அங்கே நுழையவில்லை. ஹெடர் குழாயின் வளைவு பிளக்கை மறைத்துக்கொண்டிருந்தது.

“நீளம் சொன்னிய, வளைவு சொன்னிய. பிளக்கு கழட்டணும்னு எங்கயாச்சும் எழுதியிருந்தியளா?” என்றார் அண்ணன், தலையை என்ஜினுக்குள் விட்டபடியே. எழுதவில்லை. நாற்பத்தோரு வரிகளில் அதுவும் இல்லை.

வேறு வழியில்லாமல் முன்னாலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் பிளக் உலர்ந்து, பழுப்பாக, பாடப்புத்தகப் படம்போல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் உலர்ந்தே வந்ததும் லைஃப் ஜாக்கெட் போட்டவர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாலாவது உலர்ந்திருந்தது. ஐந்தாவதைச் சொந்தக்காரர் என் கண்ணுக்கு முன்னால் நீட்டி, “போதுமா?” என்றார். நான் அதை வாங்கி மற்றவற்றோடு வரிசையில் வைத்தேன். ஆறாவதும் உலர்ந்திருந்தது.

“எல்லாரும் காஞ்சு போயி நிக்கோம், பிளக்கும் நாமளும்” என்று அண்ணன் தமிழில் முணுமுணுத்தார். படகின் கருவிப்பெட்டியில் கழுத்து வளையும் ஒரு பழைய ஸ்பேனர் கிடைத்தது. அதை வைத்து வலதுபக்கக் கடைசிப் பிளக்கை எடுத்தார். லேசாகக் கறுத்திருந்தது, ஈரம் இல்லை.

எட்டாவது, இடதுபக்கக் கடைசி. அதன் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

“பெட்ரோல்” என்றார் சொந்தக்காரர் உடனே. “ஐட்லிங்ல இந்தக் கேம்ஷாஃப்டுக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் குடிக்கும்.”

அது உண்மையாகவும் இருக்கலாம். துளியை நான் எண்கள் எழுதிய தாளில் தட்டினேன். பெட்ரோலாக இருந்தால் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆறு பேரும் குனிந்து ஒரு துளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது காயவில்லை. ஆனாலும் ஒரு துளியை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

பிளக் ஒயர்களையும், பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ஒயரையும் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னேன். எட்டு ஓட்டைகளும் திறந்திருந்தன. இனி உள்ளே எது இருந்தாலும் வெளியேற வழி இருக்கிறது. “இப்போ சாவியைத் திருப்புங்க” என்றேன்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. ஒரு கணம் வெறும் காற்று சீறியது. பிறகு இடதுபக்கக் கடைசி ஓட்டையிலிருந்து தண்ணீர் ஊசிமருந்துபோல் பீய்ச்சி, திறந்த மூடியில் பட்டு, அண்ணனின் வெள்ளைச் சட்டையில் கரிக்கோலமாக விழுந்தது. இரண்டாவது சுற்றிலும் வந்தது. மூன்றாவதில் புகைபோல் மெல்லிசாக. பிறகு நின்றது.

சொந்தக்காரர் கையைச் சாவியிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தோம், எண்ணெய் தெளிவாக இருந்தது, பால் நிறமாகவில்லை. சிலிண்டர்களில் எண்ணெய் தெளித்தோம். பிளக்குகளைத் துடைத்து மாட்டினோம். அப்படியே விட்டால் உள்ளே துருப்பிடித்துவிடும், அதனால் உடனே ஓட்டிச் சூடேற்றியே ஆக வேண்டும். ஆயிரத்தைந்நூறுக்குக் கீழே இறங்கவிடாமல் பத்து நிமிடம்.

“இப்போ ஸ்டார்ட் பண்ணலாமா?” என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே என்னைத்தான் கேட்டார்.

வேண்டாம் என்று கத்தியது இதைவிடச் சுலபமாக இருந்தது. அப்போது என் சந்தேகம் பொய்யானால் எனக்குத்தான் அவமானம். இப்போது என் ‘சரி’ பொய்யானால் என்ஜின் போய்விடும். காலையில் அவரிடம் கொடுத்த தாளில் நாற்பத்தோரு ‘சரி’ இருந்தது. எல்லாவற்றையும் மனதுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு, “பண்ணுங்க” என்றேன்.

இரண்டு சுற்று திணறியது. வெள்ளையாக ஒரு புகை மூட்டம் துறையை மறைத்தது. பிடித்துக்கொண்டது. ஆயிரத்தைந்நூறில் நின்றது. நான் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிட்டு, திறந்து, மறுபடி பார்த்தோம். எட்டு பிளக்கும் உலர்ந்திருந்தன.

“அப்போ நாற்பதும் போச்சா?” என்றார் சொந்தக்காரர்.

“எல்லாம் போகாது. தண்ணீர் கலக்கும் இடத்தை ரொம்பப் பின்னால தள்ளணும், குழாயை மேலே ஏற்றி இறக்கணும். கொஞ்சம் குறையும். எவ்வளவுன்னு தண்ணீரோட ஓட்டிப் பார்க்காம இனி சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் படகைத் தண்ணீர்ல இறக்காதீங்க.”

அவர் தலையாட்டிவிட்டு, படகைக் கரையேற்ற டிரெய்லரைக் கொண்டுவரப் போனார். அந்த மூன்று பேரும் ஜீப்பை நோக்கி மேடேறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சட்டையைப் பிழிந்தபடி, “வெல்டிங் லீக்குன்னு பேசிட்டுப் போறாவ. காதுல விழுந்துச்சு” என்றார். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

நான் ஓடிப்போய் அவர்களை நிறுத்தினேன். குழாய் எங்கேயும் ஒழுகவில்லை, அவர் செய்த வேலையில் குறை இல்லை, என்ஜினைத் தண்ணீர் இல்லாமல் சோதித்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டது நான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். இரண்டு பேர் ஓரிரு கேள்வி கேட்டார்கள். கண்ணாடி போட்ட மூன்றாமவர் மரியாதையாகப் புன்னகைத்தார். ஜீப் கிளம்பியது.

திரும்பி வந்ததும் அண்ணன், “என்ன சொன்னிய?” என்று கேட்டார்.

“தப்பு என்னோடதுன்னு சொன்னேன்.”

“எதுல? இந்தியிலயா?”

“ஆமா.”

“அந்தக் கண்ணாடிக்காரருக்கு இந்தி அரகொறதான், மேடம், மராத்திதான் வரும். அவருக்குத்தான் ரெண்டு படகு.”

ஜீப் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டது. நான் இறங்கிப்போய்ச் சொந்தக்காரரிடம் அந்தக் கண்ணாடிக்காரரின் எண்ணைக் கேட்டு வாங்கினேன். மராத்தியில் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே, படகு டிரெய்லரில் ஏறும்வரைகூடக் காத்திராமல், அழைத்தேன்.